ரத்தத்தில் ‘எம் பேண்ட்’ இருந்தால் புற்றுநோயா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் குளோபுலின் என்ற ரத்தப் புரதம் 4.1 என்று கூடுதலாக வந்தது. டாக்டர் சொன்னபடி எலக்ட்ரோபோரசிஸ் எடுத்தோம். ‘எம் பேண்ட் 0.8 கிராம், ஐஜிஜி கப்பா’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 13.6, கிரியாட்டினின் 0.9, கால்சியம் 9.3. இணையத்தில் தேடினால் மைலோமா என்ற புற்றுநோய் என்று வருகிறது. ரத்தத்தில் புரோட்டீன் கூடிவிட்டதே என்று முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அடுத்து என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: முதலில் அப்பாவுக்கு முட்டையையும் பருப்பையும் இன்றே திரும்பக் கொடுங்கள். சாப்பிடும் புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். ரிப்போர்ட்டில் இருப்பது அவருடைய எலும்பு மஜ்ஜையே தயாரித்த புரதம். பத்தியம் இருந்து அதைக் குறைக்க முடியாது. இந்த வயதில் புரதத்தை நிறுத்தினால் தசைதான் கரையும்.

மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களின் வேலை, கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தயாரிப்பது. ஒவ்வொரு செல் குடும்பமும் ஒரே ஒரு வகையைத்தான் தயாரிக்கும். எலக்ட்ரோபோரசிஸ் என்பது ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் சோதனை. எண்ணற்ற வகைகள் கலந்திருப்பதால் அதன் வரைபடத்தில் ஆன்டிபாடிகள் இருக்கும் காமா பகுதி அகலமான சின்ன மேடாகத் தெரியும். ஒரு குடும்பம் மட்டும் பெருகினால் அச்சு அசலாக ஒரே மாதிரி புரதம் குவிந்து, அந்த மேட்டின் நடுவே கோபுரம் போல ஒல்லியாக ஒரு முனை எழும். அதுதான் எம் பேண்ட்; அப்படிக் குவிந்த புரதம்தான் எம் புரதம். உங்கள் கையில் இருக்கும் தாளில் அந்த முனையைப் பார்க்கலாம். நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய், முடக்குவாதம் போன்றவற்றிலும் குளோபுலின் கூடும். ஆனால் அங்கே மேடு முழுவதுமே உயரும், கோபுரம் இருக்காது. அது வேறு சமாச்சாரம்.

அப்பாவின் எண்களைப் பார்த்தால் இது பெரும்பாலும் எம்ஜியுஎஸ் என்ற நிலை. எம் புரதம் 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் கீழே, உடலில் எந்தச் சேதமும் இல்லை என்றால் இந்தப் பெயர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் கைல் 1978-ல் வைத்தது. அதற்கு முன் ‘தீங்கற்றது’ என்றுதான் சொல்லிவந்தார்கள். நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த கைல், சிலருக்கு அது மைலோமாவாக, அதாவது பிளாஸ்மா செல்களின் புற்றுநோயாக மாறுவதைக் கண்டார். அதனால் ‘முக்கியத்துவம் இன்னும் தீர்மானமாகாதது’ என்று பெயரிட்டார். நேர்மையான பெயர் என்று எனக்குத் தோன்றும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது உண்டு. பலருக்குத் தெரியவே தெரியாது. மைலோமாவாகவோ அதன் உறவு நோய்களாகவோ மாறுவது ஆண்டுக்கு நூறில் ஒருவருக்குத்தான். அப்பாவுக்கு அதிலும் சாதகமான அம்சங்கள் இருக்கின்றன: அளவு 1.5 கிராமுக்குக் கீழே, ஆன்டிபாடி வகை ஐஜிஜி. இன்னும் பார்க்கவேண்டியது ‘சீரம் ஃப்ரீ லைட் செயின்’ பரிசோதனை. லைட் செயின் என்பது ஆன்டிபாடியின் சிறிய துண்டு; கப்பா, லாம்டா என்று அதில் இரண்டு வகை. அதில் கப்பா-லாம்டா விகிதம் 0.26-லிருந்து 1.65-க்குள் இருந்தால் அவர் குறைந்த ஆபத்துப் பிரிவில் வருவார். அந்தப் பிரிவில் 20 ஆண்டுகளில் மாறுகிறவர்கள் சுமார் 5 சதவீதம்தான். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையை உடனே செய்யவேண்டிய அவசியமும் பொதுவாக இருக்காது. மருந்தும் கிடையாது.

சிறுநீரையும் பாருங்கள், ஆனால் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனையோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டை முக்கியமாக ஆல்புமினைத்தான் காட்டும், லைட் செயினைத் தவறவிட்டுவிடும். 1845-ல் லண்டன் மளிகை வியாபாரி ஒருவரின் சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் வந்தது. அதில் இருந்த புரதம் கொதிக்கவைத்தால் கரைந்தது, ஆறினால் மறுபடி திரண்டது. முட்டை வெள்ளைக்கரு இப்படி நடந்துகொள்ளாது. அந்த விசித்திரப் புரதம்தான் லைட் செயின் என்று புரிய நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. இன்று சிறுநீர் எலக்ட்ரோபோரசிஸ், புரதத்தின் வகையை அடையாளம் காட்டும் இம்யூனோஃபிக்சேஷன் இரண்டும் அதைக் காட்டிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஆறு மாதம் கழித்து ஒருமுறை, அப்புறம் உங்கள் ரத்தவியல் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு முறை ‘நார்மல்’ என்றதும் ஃபைல் பரணுக்குப் போய்விடுகிறது. பிறகு ஓயாத முதுகுவலி வரும்போது ‘வயசாச்சு’ என்று தைலமும் வலி மாத்திரையுமாக மாதங்கள் ஓடிவிடும். மைலோமா எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தசோகை தரும், கால்சியத்தை ஏற்றும். அதனால் விடாத எலும்புவலி, காரணமில்லாத சோர்வு, எடைக்குறைவு, அடிக்கடி நிமோனியா போன்றவை வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். சிறுநீரில் நுரை, கால் வீக்கம், பாதத்தில் மதமதப்பு, நாக்கு தடித்துப்போவது, கண்ணைச் சுற்றிக் கன்றியதுபோல் ஊதா நிறம் ஆகியவையும் முக்கியம். இந்தப் புரதம் உறுப்புகளில் படிந்து கெடுக்கும் அமிலாய்டோசிஸ் என்ற நோய் இப்படித்தான் தலைகாட்டும். எம் பேண்ட் சிறிதாக இருக்கும்போதுகூட வரும். அப்பா வேறு எதற்காக எந்த மருத்துவரிடம் போனாலும் ‘எனக்கு எம் பேண்ட் இருக்கிறது’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

கூடுமானவரை ஒவ்வொரு முறையும் அதே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் வேறுபடும். 0.8 என்பது 0.9 ஆனதற்கு லேப் மாறியது காரணமா, நோயா என்று தெரியாமல் குழம்பவேண்டியிருக்காது.