காய்ந்த கிளையை வெட்ட வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து பலகையில் கூடுப்பெட்டி செய்து மாட்டி வருகிறோம். ஏணியில் நின்றபடி பார்த்தவை: ஒரு குண்டுகரிச்சான் ஜோடி, மைனாக்கள், சின்னான், தையல்சிட்டு, காய்ந்த கிளையின் அடிப்பக்கத்தைக் கொத்திக்கொண்டிருந்த செம்மார்புக் குக்குறுவான். இவற்றில் எது பெட்டிக்கு வரும்? அந்தக் கிளையை வெட்டிவிட்டு அங்கே ஒரு பெட்டி மாட்டலாமா?

கே.

அன்புள்ள கே,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வெட்டாதீர்கள். உங்கள் பட்டியலில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் குக்குறுவான்தான். அது பெட்டியை எதிர்பார்த்து இருக்கும் பறவை இல்லை, தன் பொந்தைத் தானே குடைந்துகொள்ளும். பட்டுப்போய் இளகிய கிளையாகப் பார்த்து, அடிப்பக்கத்தில் வட்டமாகத் துளை போடும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. கீழே நின்று கவனியுங்கள், மரத்தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். வேலை முற்றியதும் உடம்பு உள்ளே போய், வால் மட்டும் வெளியே தெரியும். அது விட்டுப்போகும் பொந்துகளில், குடையத் தெரியாத சிறு பறவைகள் பிறகு குடியேறும். நம் பெட்டியே அந்த மாதிரிப் பொந்துக்கு மாற்றுதானே? அசலை வெட்டிவிட்டு நகலை மாட்டுவானேன்!

சின்னானையும் தையல்சிட்டையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஒன்று புதரில் திறந்த கூடு கட்டும், இன்னொன்று இலையைத் தைத்துக்கொள்ளும். கரிச்சானும் மைனாவும் வரக்கூடியவை. யார் வருவது என்பதை வாசலின் அளவுதான் தீர்மானிக்கும். 32 மி.மீ. துளை சிட்டுக்குருவிக்குப் போதும், மைனா நுழையாது. பெரிதாக்கினால் கரிச்சான் வரலாம், கூடவே மைனாவும் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எனவே எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்யாமல் கலந்து மாட்டுங்கள்.

வாசலுக்குக் கீழே அழகுக்கு ஒரு குச்சி செருகுவார்கள். பொந்துப் பறவைக்கு அது வேண்டியதில்லை. குஞ்சைத் திருட வருபவருக்குத்தான் உட்கார வசதி. உள்ளே பெயின்ட் அடிக்காதீர்கள். அடியில் தண்ணீர் வடிய நாலு சிறு துளை, மதிய வெயில் நேராக விழாத பக்கம், அவ்வளவுதான்.

அப்புறம், அந்தக் கரிச்சான் அலகில் புழுவோடு ஒரே இடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தால், அங்கே ஏற்கெனவே குஞ்சு பொரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை பறக்கும்வரை அந்தப் பக்கம் ஏணியைக் கொண்டுபோக வேண்டாம்.