அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 31 வயது. கோலாலம்பூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போய், மாற்றுத்திறனாளிகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது, வேலையிடத்தையும் வகுப்பறையையும் அவர்களுக்கு ஏற்றபடி எப்படி மாற்றுவது என்று பயிற்சி கொடுக்கிறேன். ஏழு வருஷமாயிற்று. என் தம்பிக்கு 22 வயது, ஆட்டிசம். அவன் படம்தான் என் பயிற்சியில் முதல் ஸ்லைடு. கிளானா ஜெயா ரயில் பாதையின் 37 நிலையங்களையும் அவன் வரிசை தவறாமல் ஒப்பிப்பான் என்று சொன்னால் எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள் எதுவும் மாறுவதில்லை. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று படம் எடுத்துப் போடுகிறார்கள், அதோடு சரி. சலித்துவிட்டது. இப்போது சிங்கப்பூரில் நல்ல வேலை வந்திருக்கிறது. ‘தம்பியை யார் பார்ப்பது?’ என்கிறார் அம்மா. (அவனுக்கு இன்னும் ஓகேயூ கார்டு எடுக்கவில்லை. என் கல்யாணம் முடியட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.) நான் போகட்டுமா, வேண்டாமா?
– பெயர் வேண்டாம், செத்தாப்பாக்.

பதில்: மகளே, அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி போட்டிருக்கிறாயே, நீ எழுத வந்த கடிதம் அதுதான். மற்றதையெல்லாம் நான் உறையாக எடுத்துக்கொண்டேன்.

உன் சலிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உன்னைப் போன்றவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். 2008இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உரிமைகள் வரிசையாக இருக்கின்றன. மீறினால் என்ன தண்டனை என்று தேடினால் கிடைக்காது. அரசாங்க வேலையில் 1 விழுக்காடு இடம் என்பதும் 1988லிருந்து பேசுகிற பேச்சு. தண்டனை இல்லாத சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்ப்பேச்சால் ஒரு கம்பெனியை நகர்த்துவதுதான் நீ தேர்ந்தெடுத்த தொழில். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிற வெள்ளி ரதம் மாதிரி அது விடிய விடியத்தான் நகரும். இது தெரிந்துதானே கயிற்றைப் பிடித்தாய்?

சரி, கார்டுக்கு வருவோம்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓகேயூ கார்டு என்பது சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளி என்று பதிந்துகொண்டால் கொடுக்கிற அட்டை. மொத்தம் ஏழு பிரிவு; ஆட்டிசம் கற்றல் பிரிவில் வரும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் அரசாங்க மருத்துவமனைச் சலுகை, ரயில் கட்டணச் சலுகை, வேலைக்குப் போனால் கிடைக்கிற மாத உதவித்தொகை என்று எதைக் கேட்கப் போனாலும் முதலில் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ மற்றவர்களுக்குச் சொல்கிறவள். மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால் அவர் சம்பளத்தை வரியில் இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ளலாம் என்று எத்தனை மேலாளர்களிடம் சொல்லியிருப்பாய்? அவர்களில் ஒரு நல்ல மனுஷன் அந்த முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, ‘சரிம்மா, உங்கள் தம்பியையே திங்கட்கிழமை அனுப்புங்கள், கார்டு நகலும் வேண்டும்’ என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பாய்? ‘என் கல்யாணம் இன்னும் முடியவில்லை சார்’ என்றா?

அம்மாவை நான் திட்டப்போவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். காப்பித் தண்ணியைக் குடித்துக்கொண்டே, ‘ஒரே பையனா? என்ன செய்றாரு?’ என்பார்கள். பதில் கேட்டதும் கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ‘பரம்பரையா ஏதாவது...’ என்று ஒரு பெரியம்மா இழுப்பார். இதை ஒரு தடவை பார்த்த தாய்க்கு மறு தடவை கதவைச் சாத்தத்தான் தோன்றும். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

நீ அப்படி இல்லையே. அம்மாவின் அதே பயத்தை மற்றவர்களிடம் பார்த்தால் அது தவறு என்று பாடம் எடுக்கிறாய், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாய். அப்புறம் வீட்டுக்கு வந்ததும், ‘அம்மா சொல்லிவிட்டார்’ என்று எழுதுகிறாய். 31 வயதில் சிங்கப்பூர் போக அம்மா வேண்டாம் என்றால் என்னிடம் அப்பீல் செய்கிறாய். தம்பி கார்டுக்கு அம்மா வேண்டாம் என்றால் மட்டும் மறுபேச்சு இல்லை. ஏன்? அந்தத் தீர்ப்பு உனக்கும் சௌகரியமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். உன் பயிற்சிக்கு வருகிற முந்நூறு நானூறு அந்நியர்கள் அவன் முகத்தைப் பார்க்கலாம். உன்னைப் பெண் பார்க்க வருகிற நாலு பேர் பார்க்கக்கூடாது. அந்த நாலு பேரில் ஒருவர் என்றைக்காவது உன் பயிற்சியில் உட்கார்ந்திருந்தால்? கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் அவர்கள் தம்பியைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். ‘வேறு எதை மறைத்தாய்?’ என்றுதான் கேட்பார்கள், அது நியாயமான கேள்வியும்கூட.

படத்தைப் போட அவனிடம் கேட்டாயா? கார்டு வேண்டுமா, வேண்டாமா என்றாவது யாராவது கேட்டீர்களா? கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவன் ஒப்பிக்கிறான், வீட்டில் இருக்கிறான், யாராவது அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் எதையாவது விரும்பினான், மறுத்தான் என்று ஒரு வரி கிடையாது. 22 வயது ஆண்பிள்ளை அவன்.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். அவருக்குக் காது கேளாது. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் 1954இல் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கியதே, அங்கே தங்கிப் படித்தவர். விடுமுறைக்குப் பெர்ரி ஏறி பட்டர்வொர்த் வீட்டுக்கு வரும்போது கை நிறைய மொழியோடு வருவார். எங்கள் வீட்டில் அதில் மூன்று சைகைதான் தெரியும்: வா, போ, சாப்பிடு. அவரோடு பேச அது போதும் என்று நினைத்திருந்தோம். என் கல்யாணத்தில் அவர் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். இரண்டு மூட்டை. யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை, மண்டபத்துக்குக் கூப்பிடவும் இல்லை. ‘அவருக்குப் பழகிப்போச்சு’ என்று சொல்லிக்கொண்டோம். கல்யாணப் படங்களை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால், ஒன்றே ஒன்றில் தூணுக்குப் பின்னால் அவருடைய சட்டைக் கை தெரிகிறது. அந்த மொழியை நான் 40 வயதுக்கு மேல்தான் கொஞ்சம் கற்றேன். அதற்குள் அவர் போய்விட்டார். அதனால்தான் உன்னிடம் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

‘உன் வாழ்க்கையை நீ வாழு’ என்று எழுதுகிறவர்கள் வேறு பத்திரிகைகளில் இருக்கிறார்கள். உடன்பிறந்தவனுக்கு அக்கா கடமைப்பட்டவள் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் கூடவே உட்கார்ந்து சோறு பிசைந்து கொடுப்பது மட்டும் கடமையில்லை. உனக்கும் அம்மாவுக்கும் அப்பால் அவனை அறிந்தவர்கள் நாலு பேராவது இருக்கும்படி செய்ய வேண்டும். ‘யார் பார்ப்பது?’ என்று அம்மா கேட்பது நீ போகப்போவதால் மட்டும் இல்லை. வயது ஏறிக்கொண்டிருக்கிறது, இன்றுவரை அந்த வீட்டுக்கு வெளியே அவனை யாருக்கும் தெரியாது. உன்னைத் தவிர வேறு யாரைக் கேட்பார்?

ஒரு நாள் லீவு போடு. வங்சா மாஜூவில் அவனோடு ரயில் ஏறு. எத்தனையோ பேருக்கு அந்த 37 நிலையங்களைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாய். அவனை எத்தனை நிலையங்களில் இறக்கி நடக்கவிட்டிருக்கிறாய் என்று நீ எழுதவில்லை. எங்கே இறங்குவது என்பதை அன்றைக்கு அவன் சொல்லட்டும். அவனுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றால் காலை 10 மணிக்கு மேல் போ. அங்கே வைத்து இரண்டு கேள்வி கேள், படம் காட்டிக் கேட்க வேண்டுமானால் படம் காட்டிக் கேள், அது உன் தொழில்தானே. உன் படத்தை நான் ஆபீஸில் காட்டலாமா? இந்த மாதிரி ஒரு கார்டு உனக்கு வேண்டுமா?

படத்துக்கு வேண்டாம் என்றால் அன்று ராத்திரியே முதல் ஸ்லைடை எடுத்துவிடு. கார்டுக்குச் சரி என்றால் படிவத்தை மருத்துவரிடம் கொடுத்து உறுதிச் சான்று வாங்கிக்கொண்டு, மாவட்ட சமூகநல இலாகாவுக்கு அவனையும் கூட்டிப் போ. அம்மாவையும் கூப்பிடு. வரமாட்டார் என்றால் விட்டுவிடு, கார்டு வந்த பிறகு காட்டு. வேண்டாம் என்று அவன் சொன்னால் ஆறு மாதம் கழித்து மறுபடி கேள். ஆனால் அந்த ‘வேண்டாம்’ உன் கல்யாணத்துக்காக யாரோ சொல்லிக்கொடுத்ததாக இருக்கக்கூடாது. அடுத்து பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பியை அவன் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகட்டும், அவனாக.

சிங்கப்பூர் வேலையா? போகலாம். பஸ் ஏறினால் அரை நாளில் வீடு. ஆனால் இந்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. ஒரு மாதம் அவகாசம் கேட்டு எழுது, நல்ல கம்பெனி என்றால் கொடுப்பார்கள்.