அமெரிக்காவுல ஷட்டவுன், அதாவது செலவு மசோதா பாஸ் ஆகாம அரசாங்க ஆபீஸ் மூடுறது, வரப்போகுதுன்னா ரெண்டு கட்சியும் உள்ள உக்காந்து என்னதான் பேசுறாங்க?

உள்ள உக்காந்து பேசுறாங்கன்னு யாருங்க சொன்னது? முக்கால்வாசி நேரம் எதிர்க்கட்சிகிட்ட பேச்சே கிடையாது, சொந்தக் கட்சிக்காரங்களைச் சமாளிக்கிறதுதான் பெரிய வேலையா இருக்கும். நான் இருக்கிறது மேரிலாண்ட், இங்க தெருவுக்கு நாலு பேர் ஃபெடரல் வேலை பாக்குறவங்க, அதனால 2025 அக்டோபர் ஷட்டவுனை கொஞ்சம் கிட்டக்க இருந்தே பாத்தேன். அதை வெச்சே சொல்றேன்.

அக்டோபர் 1 இங்க புது நிதியாண்டு. அதுக்குள்ள 12 செலவு மசோதா பாஸ் ஆகணும், வழக்கமா ஆகாது, அதனால பழைய கணக்குலயே கொஞ்ச நாள் ஓட்டிக்கலாம்னு ஒரு தற்காலிக மசோதா போடுவாங்க, அதைத்தான் சிஆர்ங்கிறாங்க. அதுக்கு மேல்சபையான செனட்ல 60 ஓட்டு வேணும், டிரம்ப்போட ரிபப்ளிகன் கட்சிகிட்ட இருந்தது 53. மிச்சம் எதிர்க்கட்சியான டெமாக்ராட் கையில. நம்மூர்ல லோக்சபாவுல பண மசோதா தோத்தா ஆட்சியே கவுந்துடும், இங்க ஆட்சி அப்படியே இருக்கும், ஆபீஸ் மட்டும் மூடிடும், அதான் ரெண்டு பேருக்கும் இந்தத் தைரியம்.

என்னைக் கேட்டா அக்டோபர் ஷட்டவுன் அந்த வருஷம் மார்ச்லயே முடிவாயிடுச்சு. மார்ச்ல இதே மாதிரி கெடு வந்தப்ப செனட் டெமாக்ராட் தலைவர் சக் ஷூமர், மூடினா டிரம்ப்புக்குத்தான் இன்னும் வசதின்னு சொல்லி விட்டுக்கொடுத்துட்டாரு. சொந்தக் கட்சி தொண்டர்களே அவரைக் கிழி கிழின்னு கிழிச்சாங்க. இன்னொரு தடவை எறங்கிப் போனா தலைவர் பதவியே ஆட்டம் கண்டுடும், அப்புறம் செப்டம்பர்ல எப்படி எறங்குவாரு? புடிச்ச கோரிக்கையும் சாமர்த்தியமானதுதான், ஒபாமாகேர்ங்கிற மருத்துவ இன்சூரன்ஸுக்கு அரசாங்கம் கூடுதலா குடுத்துட்டு இருந்த மானியம் டிசம்பரோட முடியுது, அதை நீட்டுங்கன்னாங்க. பிரீமியம் ஏறப்போற லெட்டர் வீட்டுக்கு வர்ற சீசன் அது, அந்த மானியத்துல இருக்கிறவங்கள்ல டெக்சஸ், ஃப்ளோரிடா மாதிரி ரிபப்ளிகன் ஸ்டேட்காரங்களும் ஏகப்பட்ட பேர்.

ரிபப்ளிகன் பக்கம் என்ன பண்ணாங்கன்னா, செப்டம்பர் 19 அன்னிக்கு நவம்பர் 21 வரைக்கும் ஒரு சிஆர் பாஸ் பண்ணிட்டு, கீழ்சபை சபாநாயகர் மைக் ஜான்சன் எல்லாரையும் ஊருக்கு அனுப்பிட்டாரு. 50 நாளுக்கு மேல கீழ்சபையில ஓட்டெடுப்பே இல்ல. சும்மா லீவுன்னு நெனைக்காதீங்க, மசோதாவுல ஒரு வரி மாத்தினாலும் திரும்ப அந்த சபைக்குத்தான் போகணும், அங்க ஆளே இல்லன்னா மாத்துற பேச்சுக்கே எடமில்ல, இஷ்டம்னா எடு இல்லன்னா போ. செனட்ல ரிபப்ளிகன் தலைவர் ஜான் தூன் அதே மசோதாவை திரும்பத் திரும்ப ஓட்டுக்கு விட்டாரு, 14 தடவை தோத்துச்சு, ஒவ்வொரு தடவையும் பாருங்க இன்னிக்கும் அவங்கதான் மூடினாங்கன்னு டிவில சொல்லிக்கலாம்ல.

ஏன் இப்படிப் பழியைத் தள்ளிவிடுறாங்கன்னா 2018 டிசம்பர் கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. கேமரா முன்னாடி, ஷூமரும் அப்போ கீழ்சபை டெமாக்ராட் தலைவரா இருந்த பெலோசியும் பக்கத்துல உக்காந்திருக்கும்போதே டிரம்ப், எல்லைப் பாதுகாப்புக்காக மூடுறதுல எனக்குப் பெருமைதான், உங்க மேல பழி போடமாட்டேன்னு சொல்லிட்டாரு. 35 நாள் மூடினாங்க, எல்லைச் சுவருக்கு கேட்டது 570 கோடி டாலர், கடைசில கெடச்சது 137.5 கோடி. அதுக்கப்புறம் யாரும் அப்படி வாய விடுறதில்ல.

இந்தத் தடவை வெள்ளை மாளிகை மெரட்டல்ல எறங்குச்சு. மூடுறதுக்கு முன்னாடியே, சம்பளமில்லா லீவு மட்டுமில்ல வேலையை விட்டே தூக்குவோம்னு மெமோ. மூடின மொத நாளே நியூயார்க் சுரங்கப்பாதை, சப்வே திட்டங்களுக்கான 1800 கோடி டாலரை நிறுத்தி வெச்சாங்க. ஏன் நியூயார்க்? ஷூமரும் கீழ்சபை டெமாக்ராட் தலைவர் ஜெஃப்ரீஸும் அந்த ஊருதான். இது பலிக்கலைன்னுதான் சொல்வேன், பயந்து எறங்குறதுக்குப் பதிலா இன்னும் வீம்பாயிட்டாங்க.

எங்க தெருவுல ஒருத்தர் ஏர்போர்ட் செக்யூரிட்டில இருக்காரு, தினமும் வேலைக்குப் போயிட்டுத்தான் இருந்தாரு, ஆனா பே ஸ்லிப்ல சைபர். பாக்கி சம்பளம் கண்டிப்பா குடுக்கணும்னு 2019லயே சட்டம் இருக்கு, அதையே நடுவுல ஒருநாள் எல்லாருக்கும் கெடைக்கும்னு சொல்ல முடியாதுன்னு வெள்ளை மாளிகையில கெளப்பி விட்டாங்க. ”லோன்காரன் சட்டம் படிக்கமாட்டான்”னு சொல்லிட்டு ஷிஃப்ட்டுக்குக் கெளம்பிட்டாரு.

முடிவு வந்ததும் பேச்சுல இல்ல, வலி ஏறினதுலதான். நவம்பர்ல சுமார் 4 கோடிப் பேருக்கான உணவு உதவி தடைபட்டுச்சு, 40 ஏர்போர்ட்ல விமானங்களைக் குறைச்சாங்க, தேங்க்ஸ்கிவிங் வேற நெருங்குது. டெமாக்ராட் பக்கத்துலேர்ந்து 8 பேர் கட்சி முடிவை மீறி ஓட்டு போட்டாங்க, ரிபப்ளிகன்ல ரேண்ட் பால் எதிர்த்ததால 52, கூட்டினா கரெக்டா 60. ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு கொறையவும் இல்ல! அந்த 8 பேர்ல ஒருத்தருக்குக்கூட 2026ல தேர்தல் கெடையாது, ரெண்டு பேர் ரிட்டயர் ஆகுறவங்க, மத்தவங்களுக்கு 2028, 2030ல. ஷூமர் எதிர்த்து ஓட்டு போட்டு தன் பேரைக் காப்பாத்திக்கிட்டாரு. தற்செயலா நடந்ததுன்னு நம்புறவங்க நம்பிக்கலாம். கெடச்சது என்னன்னா ஷட்டவுன் சமயத்துல பண்ண ஆள்குறைப்பு ரத்து, மானியத்துக்கு டிசம்பர்ல ஓட்டெடுப்பு வைக்கிறோம்னு ஒரு வாக்குறுதி. ஓட்டெடுப்பு நடந்துச்சு, 60 வரல.

நம்மாளுங்களுக்கு ஒரு விஷயம். ஹெச்1பி விசாவுல வேலை மாறப்போறீங்கன்னா செப்டம்பர் முடியறதுக்குள்ள எல்சிஏ, அதாவது அந்த விசா மனுவுக்கு வேண்டிய லேபர் சான்று, வாங்கி வெக்கச் சொல்லி புதுக் கம்பெனியை நச்சரிங்க. அது லேபர் டிபார்ட்மென்ட் வேலை, 2025ல அக்டோபர் பூரா அது நின்னு போச்சு. குடியேற்றத்துறை ஃபீஸ்லயே ஓடுறதால மூடாது, எல்சிஏ கையில இருந்தா ஃபைல் பண்ணிடலாம்.