போலீஸ் ஸ்பீட் கன் காட்டும் வேகத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: "நான் ஐம்பதைத் தாண்டவே இல்லை. ஸ்பீட் கன்னில் 63 என்று சலான் வந்திருக்கிறது. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? அது சொல்வதை நம்பலாமா?"

நீங்கள் டூவீலர்காரர் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். சென்னைக்குள் 2023 நவம்பரிலிருந்து டூவீலருக்கு 50, காருக்கு 60, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியானாலும் 30.

நான் போலீஸ்காரன் இல்லை, வக்கீலும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் உரிமம் வாங்கித் தராசு ரிப்பேர் செய்கிறவன். அளக்கிற கருவி எதுவானாலும் அதைச் சோதித்துத்தான் நம்ப வேண்டும் என்பது எனக்குத் தொழில். வேகமாகப் போகிறவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் சக்கரத்துக்கு அடியில் போன பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தவன் நான். இந்தக் கருவி ரோட்டில் இருக்கத்தான் வேண்டும்.

கருவியில் இரண்டு வகை. ஒன்று ரேடார். ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு நம்மைத் தாண்டும்போது சத்தம் சட்டென்று இறங்குகிறதே, அதுதான் டாப்ளர் விளைவு; 1842-ல் சொல்லப்பட்டது. ரேடார் அதையே மைக்ரோவேவ் அலையில் செய்கிறது. 24.15 கிகாஹெர்ட்ஸில் அனுப்பிய அலை, 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது ஏறக்குறைய 2,680 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வேகம். இன்னொன்று லேசர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நூற்றுக்கும் மேலான துடிப்புகள் போய்வந்துவிடும். அதற்குள் 60-ல் போகிற வண்டி ஐந்தரை மீட்டர் நகர்ந்திருக்கும். தூரம் குறைந்த கணக்குதான் வேகம்.

சரியாகப் பராமரித்த கருவியில் பிழை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வராது. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஓரத்தில் சாய்வாக நின்று பிடித்தால் வேகம் கூடிவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது, அதை நம்பி வாதாடப் போகாதீர்கள். நின்ற இடத்திலிருந்து சாய்வாகப் பிடித்தால் குறைவாகத்தான் காட்டும். 20 டிகிரி சாய்வில் 60 என்பது 56 ஆகிவிடும். லாபம் உங்களுக்குத்தான். உங்கள் வண்டி மீட்டரும் பொதுவாக உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

அப்படியென்றால் தப்பு எங்கே வரும்? எந்த வண்டியை அளந்தது என்பதில். ரேடார் அலை விரிந்துகொண்டே போகும். 12 டிகிரி விரிகிற கருவியானால் 300 மீட்டரில் அறுபது மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். ரோட்டில் இருக்கிற அத்தனை வண்டியும் அதற்குள் அடக்கம். லேசர் அதே தூரத்தில் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். அதனால்தான் நெரிசலில் லேசர் மேல்.

எனக்கு வந்த சலானும் இப்படித்தான். ஸ்கூட்டர் ஃபுட்போர்டில் இருபது கிலோ இரும்பு எடைக்கல் இரண்டு. அதோடு எர்ணாவூர் பக்கமிருந்து வருகிறேன். அந்தப் பாரத்தோடு நாற்பதைத் தொட்டாலே ஹேண்டில் ஆடும். சலானில் 66! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் நான், என் வலது தோளை ஒட்டிக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஒன்று. எடைக்கல்லின் கைப்பிடிகூடப் படத்தில் தெரிகிறது.

படத்தை எடுத்துக்கொண்டு டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த எஸ்.ஐ. நல்ல மனிதர்தான். "அண்ணே, மெஷின் பொய் சொல்லாது" என்றார்.

"மெஷின் பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல சார். எந்த வண்டியப் பாத்து சொல்லுச்சுன்னு கேக்குறேன்" என்றேன்.

என்னைக் கூடவே ரோட்டுக்குக் கூட்டிப்போய் ரேடாரைப் பிடித்துக் காட்டினார். தூரத்தில் ஒரு பைக் தனியாக வந்தது, 38. அதன் பின்னாலிருந்து ஒரு ட்ரெய்லர் வெளியே வந்ததும் எண் 57-க்குத் தாவியது. பைக் அதே வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய இரும்புச் சுவரிலிருந்து திரும்பும் அலைக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டரின் அலை எம்மாத்திரம்? அவர் ஒன்றும் பேசவில்லை. மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாஹனில் படத்தோடு புகார் போடச் சொன்னார். போட்டேன், சில வாரத்தில் சலானை ரத்து செய்தார்கள்.

ஆனால் அந்தக் கருவியின் சான்றிதழைக் கேட்டதற்கு "ஆபீஸ்ல இருக்கும்" என்றுதான் பதில் வந்தது. கடைசிவரை கண்ணில் காட்டவில்லை. எனக்கு ஆறாதது அதுதான். காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து அரசு முத்திரை போட்டாக வேண்டும். முத்திரை இல்லையென்றால் அபராதம். அந்த அக்காவிடம் "வீட்ல இருக்கும்" என்ற பதிலை எந்த ஆய்வாளர் ஏற்றுக்கொள்வார்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தராசு ரிப்பேர்காரன் என்றாலே எடையில் கை வைக்கக் கற்றுக்கொடுப்பவன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கல்யாண வீட்டில்கூட என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள். ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு, மாதிரி ஒப்புதலே (அந்த மாடலை விற்கலாம் என்று அரசு சோதித்துத் தரும் அனுமதி) இல்லாத தராசை வாங்கிவந்து "முத்திரை வாங்கிக் குடுண்ணா" என்று நிற்கிறார்கள். முடியாது என்றால் அதற்கும் நான்தான் பணம் பிடுங்குகிறவன். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் ஒரு கிராம் திருட்டு நடந்ததில்லை.

சரி, உங்கள் சலானுக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ என்று 2021-ல் வந்தது. அதன்படி கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். படத்தில் குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் சலானோடு வர வேண்டும். 2025 ஜூலை 1 முதல் வேகம் அளக்கும் ரேடாரும் எடையளவுச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. தராசைப் போலவே அதையும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

முதலில் படத்தைப் பாருங்கள். உங்கள் வண்டி தனியாக இருந்து, பக்கத்திலும் பின்னாலும் வேறு வண்டி இல்லையென்றால் கட்டிவிடுங்கள், 63 என்பது உங்கள் வேகம்தான். பெரிய வண்டி ஏதாவது கூடவே இருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்பிரிவு 183-ன்படி ஆயிரம் ரூபாய்தானே என்று விட்டுவிடாமல், கருவி ரேடாரா லேசரா, அதன் வரிசை எண் என்ன, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டுப் படத்தை இங்கே போட்டாலும் பார்த்துச் சொல்கிறேன்.