வேன் இல்லாமல் சோபா வீடு வந்து சேருமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிங்கப்பூரில் வீடு மாற்றும் லாரியில் 11 வருடமாகச் சாமான் ஏற்றி இறக்குகிறேன். சொந்தமாகப் பெரிய வண்டி இல்லாதவர்கள் கட்டில், சோபா, அலமாரி கொண்டுவருவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் கொட்டிவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈசூன் அக்கா: பழைய சாமான் விற்கும் கரொசெல் செயலியில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று பேசி முடித்துவிட்டேன், உட்லண்ட்சில் இருக்கிறது. எந்த வண்டி போதும் தம்பி?

வண்டி கிடக்கட்டும் அக்கா, உங்கள் புளோக் லிஃப்டை அளந்தீர்களா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே ஒரு சோபா வாங்கினேன். லாரி முதலாளியுடையது, வாடகை கூட இல்லை, ராஜா மாதிரி கொண்டுவந்து இறக்கினேன். லிஃப்டுக்குள் நிமிர்த்தி வைத்தால் கதவு மூட நாலு விரல் அளவு இடம் பற்றவில்லை. 9-ஆம் மாடி வரை படியில் தூக்கினோம். 6-ஆம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டோம், எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதனால் லிஃப்ட் கதவின் அகலம், உயரம், உள்ளே ஆழம், அப்புறம் உங்கள் வாசல்கதவும் இரும்புக் கேட்டும் முழுசாகத் திறந்தபின் மிஞ்சும் அகலம், இவ்வளவையும் டேப் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் சோபாவின் மூன்று அளவையும் கேளுங்கள், கால் கழற்ற வருமா என்றும் கேளுங்கள். கால் போனால் பத்து சென்டிமீட்டர் குறையும், பல சமயம் அதுதான் காப்பாற்றும்.

வண்டி என்றால் லாலாமூவ் மாதிரிச் செயலிகளில் 1.7 மீட்டர் வேன், 2.4 மீட்டர் வேன், 10 அடி லாரி என்று வரும். சோபா 2 மீட்டரைத் தாண்டினால் 2.4 எடுங்கள். தூக்கிவிட ஆள் வேண்டுமென்றால் முன்பதிவு செய்யும்போதே சேர்த்துவிடுங்கள். புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் நின்றுகொண்டு ஓட்டுநர் அங்கிளிடம் பேரம் பேசினால் அவருக்கும் கோபம் வரும், உங்களுக்கும் வரும்.

செங்காங்கிலிருந்து ஒருவர்: சோபா லிஃப்டில் வந்துவிட்டது, வாசலில் மாட்டிக்கொண்டது. கதவைக் கழற்றணுமா?

கடைசி வழி அது. முதலில் சோபாவைப் பக்கவாட்டுக் கையின் மேல் நட்டமாக நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் சாய்மானமும் இருக்கையும் சேர்ந்து 'ட' எழுத்து மாதிரித் தெரியும். சாய்மானப் பக்கத்தை முதலில் உள்ளே விட்டு, நிலையைச் சுற்றி வளைத்தால் இருக்கை பின்னாலேயே வந்துவிடும். நேராகத் தள்ளுகிறவர்கள்தான் துணியைக் கிழிக்கிறார்கள்.

அறை வாடகைக்கு எடுத்திருக்கும் தம்பி: அண்ணே, சிங்கிள் மெத்தைதான், எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக முடியாதா?

மடக்கு சைக்கிளுக்கே 120 x 70 x 40 செ.மீ. வரைதான் அனுமதி. சிங்கிள் மெத்தை 91 x 190. நீங்களே சொல்லுங்கள். ஸ்பிரிங் மெத்தையை மடித்துக் கட்டினால் உள்ளே கம்பி வளைந்துவிடும், அப்புறம் முதுகுதான் அனுபவிக்கும். காற்றை உறிஞ்சிச் சுருட்டிப் பெட்டியில் விற்கும் ஃபோம் மெத்தை வாங்குங்கள், ஆறு பேர் உட்காரும் மேக்ஸி கேப்பில் சுலபமாக வரும். நண்பர் காரின் கூரையில் வைத்து ஜன்னல் வழியாகக் கையால் பிடித்துக்கொள்ளும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், எக்ஸ்பிரஸ்வேயில் காற்று மெத்தையைப் பாய்மரமாக்கிவிடும்.

சுவா சூ காங் தம்பதி: ஐகியாவில் அலமாரி வாங்கினால் சாதாரணக் காரில் வருமா?

அந்தச் சாமான்கள் பெட்டியில் தட்டையாக வருவதே காரால்தான். 1956-இல் கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற ஊழியர் ஒரு மேசை காருக்குள் நுழையாததால் காலைக் கழற்றினார், அங்கிருந்துதான் ஆரம்பம் என்று நிறுவனமே சொல்கிறது. ஆனால் அலமாரிப் பலகை மேசைக்கால் இல்லை. நெட்டைப் பெட்டி 2 மீட்டருக்கு மேல் இருக்கும், முன் இருக்கையைச் சாய்த்தும் நுழையாவிட்டால் காரின் பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டாதீர்கள், கடை டெலிவரிக்கே கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் அலமாரியைப் பொருத்தும்போதும் ஒரு கணக்கு உண்டு. தரையில் படுக்கவைத்துப் பொருத்தி நிமிர்த்தினால் மூலைக்கு மூலை அளவுதான் கூரையைத் தொடும். 236 செ.மீ. உயரம், 58 ஆழம் என்றால் நிமிரும்போது 243 வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூரை ஏறக்குறைய 260, தப்பிக்கும். ஆனால் பொய்க்கூரை போட்டிருந்தால் கட்டாயம் அளந்து பாருங்கள்.

பழைய அலமாரியைப் பிரித்து எடுக்கலாமா என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். மரமென்றால் தாராளமாக. மரத்தூளை அழுத்திச் செய்த அமுக்குப் பலகை என்றால் திருகு ஓட்டை ஒவ்வொரு முறையும் தளரும், ஒரு முறை தாங்கும், அதற்குமேல் ஆடும். ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள், திருகுகளை ஜிப் பையில் போட்டு அந்தந்தப் பலகையிலேயே ஒட்டுங்கள்.

புக்கிட் பாத்தோக் அண்ணன்: லாரி பின்னால் சாமானோடு நானும் உட்கார்ந்து வரலாமா? பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

கூடாது. முதலாளி தன் வேலையாட்களை ஏற்றிச் செல்வது மாதிரிச் சில விதிவிலக்குகள் தவிர, லாரி பின்தட்டில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். சாமானைப் பிடிக்க, இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட் இருக்கிறது.

தெம்பனிஸ் அம்மா: ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால்?

வேண்டாம் அம்மா, கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். வேறு வழியில்லாமல் படுக்கவைத்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் சும்மா நிற்கவிட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்கள். முன்பக்கக் கதவுள்ள துணி துவைக்கும் இயந்திரம் என்றால், வாங்கியபோது டிரம்மை இறுக்கியிருந்த போல்ட்டுகளைத் தேடி மறுபடி மாட்டிவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் நண்பர்: மலேசியாவில், ஜோகூரில் மேசை மலிவாக இருக்கிறது, மச்சான் காரில் கொண்டுவந்துவிடலாமா?

வரி கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமோ அதற்கு மேலோ தங்கினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஜிஎஸ்டி விலக்கு, அதற்குக் குறைவென்றால் 100 வெள்ளிதான், மிச்சத்துக்கு 9 சதவீதம். வேலை அனுமதிச் சீட்டு, மாணவர் அட்டை போன்ற நீண்டகால அட்டையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது, முதல் வெள்ளியிலிருந்து கட்ட வேண்டும். சோதனைச்சாவடியில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அங் மோ கியோ தாத்தா: புதுசு வந்துவிட்டது, பழைய சோபா வாசலில் கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் முணுமுணுக்கிறார்கள்.

முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது தாத்தா. தீ விபத்து நேரத்தில் ஓட நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும். நகர மன்றத்துக்குப் போன் போடுங்கள், பெரும்பாலான இடங்களில் மாதத்துக்கு மூன்று பெரிய சாமான் வரை இலவசமாக எடுத்துப்போவார்கள். அதுவரை வீட்டுக்குள்ளேயே இழுத்துவையுங்கள், பேரப்பிள்ளைகள் ஏறிக் குதிக்க இரண்டு நாள் இரண்டு சோபா இருக்கட்டுமே.