கராஜில் முன்னாள் போராளி: சேர்க்கலாமா?

கேள்வி: வவுனியாவில் சின்ன மோட்டார் கராஜ் வைத்திருக்கிறேன். போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்த முன்னாள் போராளி ஒருவர் வேலை கேட்கிறார். வெல்டிங்கில் கெட்டிக்காரர். ஆனால் என்னிடம் நெடுநாளாக வேலை செய்யும் பெடியன், "அவர் வந்தால் நான் நிற்க மாட்டேன்" என்கிறான். 2008இல் வன்னியில் அவனுடைய அக்காவை இயக்கம் (விடுதலைப் புலிகள்) கட்டாயமாகக் கூட்டிப்போனது, அவர் திரும்பவில்லை. சிஐடி வருமோ என்று என் மனைவிக்கும் பயம். என்ன செய்யலாம்?

பதில்: அன்பின் வாசகருக்கு, மனைவியின் பயத்துக்குப் பதில் சொல்வது சுலபம். 2009க்குப் பிறகு ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முடித்து வீடு திரும்பினார்கள். பெரும்பாலானோர் மீது வழக்கே இல்லை. வேலை கொடுப்பது குற்றமில்லை. விசாரிக்க வருகிறார்கள்தான். வந்தால் பெயரையும் பிரிவையும் கேட்டுக் குறித்துவையுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தொல்லை தொடர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது.

பெடியனின் விஷயம்தான் கஷ்டம். அவனுடைய கோபம் நியாயமானது. "சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம், மறந்துவிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அக்கா எங்கே என்று தெரியாதவனிடம் அதைச் சொல்ல நமக்கு என்ன உரிமை? கடைசிக் காலத்தில் இயக்கத்தில் நின்றவர்களில் எத்தனையோ பேர் அவனுடைய அக்காவைப் போலப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். புதியவர் எப்படிப் போனார் என்று நீங்கள் துருவ வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். இருவரையும் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, கைகுலுக்க வைக்கும் வேலையும் வேண்டவே வேண்டாம். அவர் வருவதற்கு முன் பெடியனைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் முடிவையும் அவனுடைய இடம் போகாது என்பதையும் நேரே சொல்லுங்கள். வெல்டிங்கைப் பின்பக்கக் கொட்டிலுக்கு மாற்றுங்கள். அவர்கள் பேசாமலே வேலை செய்தால், செய்யட்டும்.

நேபாளத்தில் 15,000க்கும் மேற்பட்ட மாவோயிஸ்ட் போராளிகள் 2012 அளவில் ஆளுக்கு 5 முதல் 8 லட்சம் நேபாள ரூபாயோடு முகாம்களை விட்டுப் போனார்கள். நம்மவர்கள் பலரிடம் இருப்பது பயிற்சிச் சான்றிதழ். காசோ காகிதமோ, பக்கத்தில் நின்று வேலை செய்ய ஆளைத் தருவதில்லை. அது உங்களைப் போன்ற முதலாளிமாரின் கையில்தான் இருக்கிறது.

அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: உடம்பில் பீஸ் (ஷெல், குண்டுச் சிதறல்) இருக்கிறதா? இருந்தால் கியர்பொக்ஸ் தூக்க விடாதீர்கள். வேலை போய்விடுமென்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நாள்கூலிக்கு வைத்துப் பாருங்களேன் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். கேட்காதீர்கள். பெடியனுக்கு உள்ளது போலவே அவருக்கும் நியமனக் கடிதம், ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். சிஐடி வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட இந்தக் காகிதங்கள்தான் உதவும்.