வாய்மொழித் தேர்வு முடிந்தது: வாழ்த்த வந்தோர் கேட்டவை

எங்கள் ஆய்வக மாணவி நரம்பியலில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் நேற்று வெற்றி பெற்றார். ஆறு ஆண்டு உழைப்பு! வந்த கேள்விகளுக்கு, அவருடன் பணியாற்றும் மூத்த ஆய்வாளனாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மாணவியின் தாயார்): ஆறு வருடமாக அவள் என்னதான் செய்தாள்? கேட்டால் "மூளை" என்று மட்டும் சொல்வாள்.

பதில்: அம்மா, நரம்பு செல்கள் தங்களுக்குள் பேசும்போது எழும் மின் சமிக்ஞைகளை உங்கள் மகள் பதிவு செய்தார். எலி மூளையிலிருந்து 0.3 மில்லிமீட்டர் தடிமனில் சீவல் எடுத்து, உப்புக் கரைசலில் ஆக்சிஜன் குமிழிகள் விட்டு உயிரோடு வைத்திருப்பார். ஏறத்தாழ ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகல முனையுள்ள கண்ணாடிக் குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபடியே ஒரு செல்லின் மேல் இறக்கி, மெல்ல உறிஞ்சுவார். செல்லின் சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டினால்தான் பதிவு கிடைக்கும். பலமுறை ஒட்டாது, சீவலோ சில மணி நேரமே தாங்கும். அவர் இரவுச் சாப்பாட்டுக்கு வராத நாட்களில் இதுதான் நடந்தது. எர்வின் நேயரும் பெர்ட் சக்மானும் 1976இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. 1991இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி (முதலாண்டு ஆய்வு மாணவர்): தேர்வாளர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால்?

பதில்: நேற்றே அது நடந்தது. "இரு செல்களுக்கு இடையிலான சமிக்ஞை வலுப்பெற்றது அனுப்பும் செல்லாலா, வாங்கும் செல்லாலா?" என்று புறத்தேர்வாளர் கேட்டார். நம் மாணவி சற்று நின்று, பலகையில் இரு செல்களையும் வரைந்து, "என் தரவுகளை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது, இந்தச் சோதனை செய்தால் முடியும்" என்று விளக்கினார். முயலின் மூளையில் அத்தகைய வலுவூட்டலை ஆய்வாளர்கள் பிளிஸ்ஸும் லோமோவும் 1973இல் அறிவித்த பிறகு, இதே கேள்வியை வைத்துத் துறையே பல்லாண்டு வாதிட்டது. மாணவியின் நேற்றைய பதில்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

கேள்வி: இப்போதே "டாக்டர்" என்று அழைக்கலாமா?

பதில்: வாயார அழையுங்கள். எழுத்தில் மட்டும், திருத்தங்கள் முடிந்து பட்டம் முறைப்படி கிடைக்கும்வரை பொறுங்கள்.

கேள்வி: என்ன பரிசு கொடுக்கலாம்?

பதில்: அவருடைய முதல் நல்ல பதிவின் வரைகோட்டை அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொடுத்தோம். பார்த்ததும் தேதியைச் சொல்லிவிட்டார், குரல் தழுதழுத்தது.

கேள்வி: அடுத்து என்ன வேலை என்று கேட்கலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம், தூங்கட்டும். கிளம்பும்போதுகூட, "நாளைக்குச் சீவல் கரைசலை யார் கலப்பார்கள்?" என்றுதான் கேட்டார். நான் கலக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.